பழைய லைப்ரரிக்குப் பதில் எதைப் போடலாம் என்று சொல்ல ஒரு மாடல்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

வண்ணார்பேட்டை_கோடர்:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் சின்ன மென்பொருள் கம்பெனி எங்களுடையது, மொத்தமே ஆறேழு பேர்தான். நயினார்குளம் மார்க்கெட் கமிஷன் மண்டிகளுக்கு பில் போடுகிற மென்பொருள், அம்பாசமுத்திரம் பக்கம் சில அரிசி ஆலைகளுக்கு எடைச்சீட்டு, டவுனில் ஜவுளிக்கடைகளுக்கு ஸ்டாக் கணக்கு, இப்படிச் சில்லறை வேலைகள்தான் அதிகம். கடைக்குக் கடை கொஞ்சம் மாற்றி மாற்றிக் கொடுத்ததில் முப்பது நாற்பது ப்ராஜெக்ட் சேர்ந்துவிட்டது. பாதி நோட் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்), மீதி பைத்தான், ஒரு மூலையில் யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன ஜாவா.

உள்ளே நாங்கள் எடுத்துப் போட்டிருக்கிற, பிறர் எழுதிய லைப்ரரிகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. தேதிக்கான மொமென்ட்டை எழுதியவர்களே 2020 செப்டம்பரில், இனிமேல் புதிதாக எதுவும் சேர்க்க மாட்டோம், வேறு ஒன்றைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நெட்டில் இருந்து தகவல் எடுக்கும் ரிக்வெஸ்ட் அதே வருஷம் பிப்ரவரியிலேயே கைவிடப்பட்டது. குறியாக்கத்துக்கான பைகிரிப்டோவின் கடைசி ரிலீஸ் 2013. பிடிஎஃப் எடுக்க எல்லா இடத்திலும் டபிள்யூகே-ஹெச்டிஎம்எல்-டு-பிடிஎஃப் வைத்திருக்கிறோம் (இனி டபிள்யூகே என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது), அதன் ரெப்போவை (கோட் இருக்கும் இடம்) 2023 தொடக்கத்தில் பூட்டியாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து மாற்று தேட ஆள் இல்லை.

அதனால் ஒரு யோசனை. லைப்ரரி பெயரைக் கொடுத்தால் நாலைந்து மாற்றுப் பெயரை வரிசைப்படுத்திக் கொடுக்கிற மாதிரி ஒரு மெஷின் லேர்னிங் மாடல். பொதுவில் கிடக்கும் கிட்ஹப் ப்ராஜெக்ட்களின் பேக்கேஜ்.ஜேசான் ஃபைல்களை (எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்ற பட்டியல்) எடுத்து, ஒவ்வொரு ஃபைலையும் ஒரு வாக்கியமாகவும் லைப்ரரிப் பெயரைச் சொல்லாகவும் வைத்து வேர்ட்டுவெக் (சொற்களின் சுற்றுப்புறத்தை வைத்து அவற்றை எண்களாக்கும் முறை) ஓட்டிப் பார்த்தோம். மொமென்ட்டுக்குப் பக்கத்தில் எது என்று கேட்டால் மொமென்ட்-டைம்ஸோன், லோடாஷ் என்கிறது. ரிக்வெஸ்ட்டுக்கு ரிக்வெஸ்ட்-ப்ராமிஸ், சியரியோ. எக்ஸ்பிரஸுக்கு பாடி-பார்சர். பெயர்கள் எல்லாம் சம்பந்தப்பட்டவைதான், ஆனால் ஒன்றுகூட மாற்று இல்லை. ஏன் இப்படி வருகிறது? இதற்குச் சரியான டேட்டா எங்கே கிடைக்கும்? எங்கள் முதலாளி வேறு, "இதுக்குப் போய் மாடலா, சாட்ஜிபிடிகிட்ட கேட்டாப் போச்சே" என்கிறார். அவர் சொல்வதுதான் சரியா?


பொதிகை_டேட்டா:

தம்பி, உங்கள் மாடல் தப்பாக எதுவும் சொல்லவில்லை, நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது. ஒரே ஃபைலில் சேர்ந்து வருபவை எவை என்று கற்றுக்கொடுத்தீர்கள், அது கூட்டாளிகளைக் காட்டுகிறது. நம் ஊர்க் கல்யாண வீட்டு மறுநாள் சாப்பாட்டில் சொதி இருந்தால் இஞ்சிப் பச்சடியும் இருக்கும், எந்த வீட்டு மெனுவை எடுத்தாலும் இரண்டும் சேர்ந்தே வரும். அதற்காகச் சொதி தீர்ந்துபோனால் இஞ்சிப் பச்சடியைச் சோற்றில் ஊற்றிப் பிசையவா முடியும்? சொதிக்கு மாற்று சாம்பார், அது சொதி வைத்த பந்தியில் பெரும்பாலும் இருக்காது.

இதிலேயே ஒரு வழி இருக்கிறது. இரண்டு லைப்ரரிகளைச் சுற்றி இருக்கும் மற்ற லைப்ரரிகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஆனால் அந்த இரண்டும் ஒரே ஃபைலில் சேர்ந்து வருவது அபூர்வமாக இருக்க வேண்டும். மொமென்ட்டும் டே.ஜேஎஸ்ஸும் அப்படி. மொமென்ட்-டைம்ஸோன் இந்த வடிகட்டலிலேயே விழுந்துவிடும், ஏனென்றால் அது பெரும்பாலும் மொமென்ட்டோடு சேர்ந்தே வரும். இருக்கிற டேட்டாவை வைத்தே இன்று சாயந்திரம் இதை ஓட்டிப் பார்க்கலாம், செலவில்லை. பாதி மாற்றி பாதி மாற்றாமல் இரண்டையும் வைத்திருக்கும் ப்ராஜெக்ட்கள் கொஞ்சம் குழப்பும், அது பரவாயில்லை.

லைப்ரரி பரிந்துரை என்று தேடினால் கிடைக்கும் ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி கூட்டாளியைச் சொல்பவைதான், "இதெல்லாம் வைத்திருக்கிறீர்கள், இதையும் சேருங்கள்" என்கிற வகை. 2013இல் வந்த லிப்ரெக் அப்படிப்பட்டது. மாற்றுக்கென்று தனியாக வந்தவற்றில் 2016இல் வந்த சிமிலர்டெக் பார்க்கத் தகுந்தது. அது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கேள்விகளின் டேக்குகளை வைத்துச் சொல்-வெக்டர் உருவாக்கி, ஒரு மொழியில் உள்ள லைப்ரரிக்கு இன்னொரு மொழியில் எது என்று காட்டியது. டேக் விக்கியிலிருந்து இது மொழியா, லைப்ரரியா, கருத்தா என்று வகை பிரித்துக்கொண்டதால் குப்பை குறைந்தது. உங்களுக்கு மொழி தாண்டுகிற வேலை இல்லை, ஆனால் அந்த வகை பிரிக்கிற யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல டேட்டா எங்கே என்றால், மற்றவர்கள் ஏற்கெனவே மாற்றிய வரலாற்றில். கிட் கமிட்களை (கோடில் செய்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) எடுத்து, லைப்ரரிப் பட்டியலான டிபென்டென்சி ஃபைலில் ஒரு லைப்ரரி போய் இன்னொன்று வந்த இடங்களைப் பொறுக்க வேண்டும். இதில் சத்தம் பயங்கரமாக இருக்கும். ஒருவர் ஒரே கமிட்டில் 5 லைப்ரரியை நீக்கி 6 சேர்த்தால் 30 ஜோடி கிடைக்கும், உண்மையான மாற்று அதில் ஒன்றோ இரண்டோதான். 2021இல் பீக்கிங் பல்கலைக்கழகக் குழு ஜாவாவுக்கு இதைச் செய்தபோது நான்கு அடையாளங்களைப் பெருக்கி வரிசைப்படுத்தினார்கள்: அந்த ஜோடி எத்தனை தடவை வருகிறது, கமிட் செய்தியிலேயே "இதிலிருந்து அதற்கு மாறினோம்" என்று எழுதியிருக்கிறார்களா, ஒன்று போனதற்கும் இன்னொன்று வந்ததற்கும் நடுவில் எத்தனை கமிட் இடைவெளி, அப்புறம் கோடில் உண்மையாகவே அதன் ஃபங்ஷனுக்குப் பதில் இதன் ஃபங்ஷன் வந்திருக்கிறதா. பெரிய நியூரல் நெட்வொர்க் ஒன்றும் கிடையாது, எண்ணிப் பெருக்குவதுதான், ஆனாலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆழக் கற்றலில் குதிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள் என்பேன்.


டவுன்_அண்ணாச்சி:

பொதிகை அம்மா சொன்னது சரி. ஆனா அந்தக் கமிட் வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்குவே, அதையும் பார்த்துக்கிடும்.

ஜோடா-டைம் இருக்கே, தேதி லைப்ரரி. 2014இல் ஜாவா 8 வந்தபோது ஜாவா.டைம் மொழிக்குள்ளேயே வந்துவிட்டது, ஜோடா-டைம் செய்தவர்களே தங்கள் பக்கத்தில் "இனி அதற்கு மாறுங்கள்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு மாறியவன் பாம் ஃபைலில் (ஜாவாவின் டிபென்டென்சி ஃபைல் அது) என்ன நடக்கும்? ஜோடா-டைம் வரி போகும். அதற்குப் பதில் எதுவும் வராது. உம்ம ஸ்கிரிப்ட் நீக்கியதையும் சேர்த்ததையும் ஜோடி சேர்க்கத்தானே பார்க்கிறது? சேர்ந்தது எதுவும் இல்லையென்றால் அந்தக் கமிட்டையே தாண்டிப் போய்விடும், இல்லையென்றால் பக்கத்தில் யதேச்சையாக ஏறின எதையாவது பிடித்து ஜோடி போட்டுவிடும். மிகச் சரியான மாற்று எதுவோ அதுதான் டேட்டாவில் கண்ணுக்கே தெரியாது.

நோட்டிலும் இதே கதைதான். ரிக்வெஸ்ட்டை எடுத்துவிட்டு நோட் 18இல் சொந்தமாகவே வந்த ஃபெட்ச்சுக்குப் போனவர்கள் ஏராளம், பேக்கேஜ்.ஜேசானில் அதற்குச் சாட்சி கிடையாது. 2016இல் லெஃப்ட்-பேட் என்கிற 11 வரியை ஒருத்தர் நோட் பேக்கேஜ் கிடங்கான என்பிஎம்மில் இருந்து உருவிவிட்டு உலகமே தடுமாறியதே, அதே வேலையைச் செய்கிற பேட்ஸ்டார்ட் மறுவருஷமே ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் வந்துவிட்டது. அதை எந்த டிபென்டென்சி ஃபைலில் போய்த் தேடுவீர்?

இதற்கு நேர்மாறாகவும் உண்டு. பைகிரிப்டோவுக்கு மாற்று பைகிரிப்டோடோம். அதை வைத்த பிறகும் இம்போர்ட் வரியில் கிரிப்டோ என்ற பழைய பெயர்தான் இருக்கும், கோடில் ஒரு எழுத்துகூட மாறாமல் போகலாம், ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் மட்டும் பெயர் மாறும். கோடை மட்டும் பார்க்கிறவனுக்கு இது தெரியாது. ஆக ஃபைல், கோட் இரண்டையும் பார்த்தே ஆகணும். ஒன்றைப் பார்த்தால் போதும் என்று எவனாவது சொன்னால் நம்பாதேயும்.

இன்னொன்று, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம். லைப்ரரி செய்தவர்களே மாற்றைச் சொல்லியிருக்கும் இடங்கள் இருக்கு. என்பிஎம்மில் ஒன்றைக் கைவிடும்போது ஒரு செய்தி எழுதுவார்கள், பல தடவை அதில் "இதற்குப் பதில் இதைப் பயன்படுத்து" என்று பெயரோடு இருக்கும். ஜாவாவின் மேவனில் ரீலொக்கேஷன் என்றே ஒரு டேக் உண்டு, இந்தப் பெயர் அந்தப் பெயருக்குப் போய்விட்டது என்று பாம் ஃபைலிலேயே சொல்லும். பைத்தான் கிடங்கான பைபிஐயில் ரீட்மீயின் முதல் வரியைப் பார்த்தாலே போதும், பைபிடிஎஃப்2 பக்கத்தில் பைபிடிஎஃப்புக்குப் போ என்று போட்டிருக்கும். இவற்றைச் சேர்த்தாலே நம்பகமான ஜோடிகள் கிடைக்கும், கமிட்டில் பொறுக்கியதைச் சோதிக்க இதைவிட நல்லது இல்லை.

புரோகிராம் என்ன செய்தது என்று பதிவு எழுதும் லாக்4ஜே பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்த ஜாவா ப்ராஜெக்ட்டில் நிச்சயம் இருக்கும். 1 வரிசை 2015 ஆகஸ்ட்டோடு முடிந்துபோனது. 2021 டிசம்பரில் பாதுகாப்பு ஓட்டை வெடித்தது 2 வரிசையில். உம்மிடம் இருப்பது 1 என்றால் மாற்று மூன்று திசையில் போகும்: ரீலோட்4ஜே போட்டால் கோடைத் தொடவே வேண்டாம், லாக்4ஜே 2க்குப் போனால் கான்ஃபிக் மாறும், எஸ்எல்எஃப்4ஜே கூட லாக்பேக் என்று போனால் ஒன்றுக்குப் பதில் இரண்டு லைப்ரரி வரும். ஒன்றுக்கு ஒன்று என்று ஜோடி போடுகிற மாடல் இந்தக் கடைசியில் திணறும்.


வண்ணார்பேட்டை_கோடர்:

அண்ணாச்சி, இம்போர்ட் வரியையும் சேர்த்துப் பார்க்கிற விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ரொம்ப நன்றி. பொதிகை அக்கா, அந்தச் சேர்ந்து வருவதைக் கழிக்கிற யோசனையை ஓட்டிவிட்டேன். மொமென்ட்டுக்கு இப்போது டே.ஜேஎஸ், டேட்-எஃப்என்எஸ், லக்ஸான் மூன்றும் மேலே வந்துவிட்டன. ரிக்வெஸ்ட்டுக்கு ஆக்ஸியோஸ், காட், நோட்-ஃபெட்ச். ஆனால் டபிள்யூகேக்கு ஒன்றும் உருப்படியாக வரவில்லை. அது லைப்ரரியே இல்லாமல் தனி புரோகிராமாக இருப்பதால் ஃபைலில் சரியாகப் பதிவாவதில்லை போல. முதலாளியின் சாட்ஜிபிடி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?


மேலப்பாளையம்_பைத்தான்:

அதற்கு நான் சொல்கிறேன் பாய். கேட்கலாம், தப்பில்லை, பிரபலமான லைப்ரரிகளுக்கு நன்றாகவே பதில் சொல்லும். மொமென்ட்டுக்கு மாற்று கேட்டால் இங்கே சொன்ன அதே மூன்றைத்தான் சொல்லும். சிக்கல் அதிகம் பேசப்படாத லைப்ரரிகளில்தான் வரும், உங்களுக்கு உதவி தேவைப்படுவதும் அங்கேதான்.

இல்லாத பெயரை இருக்கிற மாதிரியே சொல்லும். 2024இல் வெளியான ஓர் ஆய்வில் 16 மாடல்களை வைத்து பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலுமாக 5,76,000 கோட் துண்டுகளை எழுதவைத்துப் பார்த்தார்கள். அவை சொன்ன பேக்கேஜ் பெயர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று உலகத்திலேயே இல்லாதது. காசு கொடுத்து வாங்கும் மாடல்களில் குறைவு, சுமார் 5 சதவீதம், திறந்த மூல மாடல்களில் 20க்கும் மேல். சரி, இல்லாத பெயரென்றால் இன்ஸ்டால் ஆகாது, அவ்வளவுதானே என்று விட்டுவிடக் கூடாது. ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், மாடல்கள் அடிக்கடி உளறும் ஹக்கிங்ஃபேஸ்-சிஎல்ஐ என்ற பெயரில் வெறும் காலிப் பேக்கேஜ் ஒன்றை பைபிஐயில் போட்டு வைத்தார். மூன்று மாதத்தில் 30,000க்கு மேல் டவுன்லோட். அவர் நல்லவர், காலியாகப் போட்டார். கெட்டவன் போட்டால் மண்டிக்காரர்களின் பேங்க் விவரம் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதையே உங்கள் சொந்த மாடலுக்கும் சொல்வேன். பெயர் ஒற்றுமையை ஒரு அடையாளமாகச் சேர்க்கத் தோன்றும், ஏனென்றால் கைவிடப்பட்டதை வேறொருவர் எடுத்துத் தொடரும்போது பெயர் கிட்டத்தட்ட அதேதான் இருக்கும்: எஃப்பிடிஎஃப் போய் எஃப்பிடிஎஃப்2, பைகிரிப்டோ போய் பைகிரிப்டோடோம், 2022 ஜனவரியில் ஃபேக்கரை அதன் ஆசிரியரே காலி செய்தபோது சமூகம் எடுத்து நடத்துகிற ஃபேக்கர்-ஜேஎஸ். ஆனால் திருட்டுப் பேக்கேஜ் போடுகிறவனும் இதே பெயர் ஒற்றுமையை நம்பித்தான் பிழைக்கிறான். 2017இல் கிராஸ்-என்வ் என்பதில் நடுக்கோட்டை எடுத்துவிட்டு கிராஸ்என்வ் என்று என்பிஎம்மில் ஒருவன் போட்டு வைத்து, அதை இன்ஸ்டால் செய்தவர்களின் கணினியில் இருந்த ரகசியங்களை எடுத்துக்கொண்டான். அதனால் பெயர் ஒத்துப்போகிறது என்று மாடல் மேலே தள்ளும் எதையும், எப்போது முதலில் வெளியானது, யார் வெளியிடுகிறார், பழைய ரெப்போவோடு கமிட் வரலாறு பகிர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே காட்ட வைக்க வேண்டும். நேற்று முளைத்த பேக்கேஜ் எதுவும் பட்டியலுக்குள் வரவே கூடாது.

மொழி மாடலை வேண்டுமானால் வேறு வேலைக்கு வையுங்கள். கமிட் செய்தியைப் படித்து இது லைப்ரரி மாற்றமா இல்லையா, மாற்றம் என்றால் எதிலிருந்து எதற்கு, ஏன் என்று பிரித்துத் தர. அதை நன்றாகச் செய்யும், உளறினாலும் ஃபைலோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம்.


அம்பை_எழுத்துரு:

டபிள்யூகே விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே எல்லாரும் மற்றதைப் பேசிவிட்டு இதை விட்டுவிட்டீர்கள், இந்தக் கடைக்காரர்களுக்கு முக்கியமானது இதுதான்.

மண்டி பில் தமிழில்தானே வருகிறது? காய் பெயர், விவசாயி பெயர், ஊர் எல்லாம்? அப்படியானால் எந்த மாடலைக் கேட்டாலும், எந்த மனுஷரைக் கேட்டாலும் "பைத்தானில் பிடிஎஃப்பா, ரிப்போர்ட்லேப் இருக்கே" என்றுதான் முதலில் வரும். பழைய லைப்ரரி, நல்ல லைப்ரரி, ஆங்கிலத்தில் பில் அடிக்கிறவனுக்கு ஒரு குறையும் இல்லை. அதில் ஒரு தமிழ் எழுத்துருவை ஏற்றி "வெண்டைக்காய்" என்று அடித்துப் பாருங்கள். யூனிகோடில் முதலில் வ, அப்புறம் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். திரையில் காட்டும்போது கொம்பை இடப் பக்கம் கொண்டுவருவது ஷேப்பிங் எஞ்சினின் வேலை, ஹார்ஃப்பஸ் மாதிரி ஒன்று. ரிப்போர்ட்லேப் சும்மா விட்டால் வந்த வரிசையிலேயே அச்சடிக்கும், கொம்பு வ-வுக்குப் பின்னால் போய் உட்காரும். "கொத்தவரங்காய்" இன்னும் மோசம், க-வின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டிய ஒகரக் குறி மொத்தமாக வலப் பக்கத்தில் வந்து விழும். "நெல்லை" என்ற பெயரே சரியாக வராது. பில்லைப் பார்த்த மண்டி அண்ணாச்சி என்ன சொல்வார் என்று நான் இங்கே எழுத முடியாது.

இந்தத் தேவை உலகத்தில் எந்தக் கமிட் டேட்டாவிலும் இல்லை. டபிள்யூகேயிலிருந்து ரிப்போர்ட்லேப்புக்கு மாறியவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்களில் தமிழ் அச்சடித்தவர் எத்தனை பேர்? டேட்டாவில் அது வெற்றிகரமான மாற்றமாகத்தான் பதிவாகியிருக்கும். மாடல் முழு நம்பிக்கையோடு அதை முதலிடத்தில் வைக்கும்.

தமிழைச் சரியாக எடுப்பவை: வீஸிபிரிண்ட், அது உள்ளே பாங்கோ வழியாக ஹார்ஃப்பஸ்ஸைப் பயன்படுத்துகிறது, ஹெச்டிஎம்எல் டெம்ப்ளேட் ஏற்கெனவே இருப்பதால் உங்களுக்குத் தோதானதும் அதுதான். எஃப்பிடிஎஃப்2வில் ஷேப்பிங் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதை ஆன் செய்தால் சரியாக வரும், ஆனால் பில்லின் கட்டங்களை மறுபடி கோடில் வரைய வேண்டும். ஜாவா பக்கம் ஐடெக்ஸ்ட் என்றால் தமிழுக்குத் தனியாக ஒரு துணைப்பகுதி விலைக்கு வாங்க வேண்டும், அதோடு அதன் உரிமம் ஏஜிபிஎல். உங்கள் சோர்ஸைத் திறக்காமல் விற்கிறீர்களென்றால் காசு கட்ட வேண்டியிருக்கும். உரிமத்தையும் ஒரு வடிகட்டியாக வையுங்கள், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஒரு லைப்ரரிக்கு ஷேப்பிங் உண்டா என்பதை மாடலுக்கு எப்படிச் சொல்வது என்று நானும் யோசித்தேன். ஹார்ஃப்பஸ்ஸை அது நம்பியிருக்கிறதா என்று டிபென்டென்சி மரத்தில் தேடலாம் என்றால், வீஸிபிரிண்ட் பாங்கோவை சிஸ்டம் லைப்ரரியாகக் கூப்பிடுகிறது, பைத்தான் ஃபைலில் அது தென்படாது. ஆகவே பேசாமல் ஒரு சோதனை எழுதிவிடுங்கள். வெண்டைக்காய், கொத்தவரங்காய், சேனைக்கிழங்கு, கௌரி என்று ஒரு பில், அதைப் படமாக்கி, கண்ணால் பார்த்துச் சரி என்று வைத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். மாடல் தரும் ஐந்து பெயரும் அந்தச் சோதனையில் தேறினால்தான் மேலே பேச்சு.


பொதிகை_டேட்டா:

அம்பை சொன்னது அருமை. மாடலின் வேலை நூறைப் பத்தாக்குவது, பத்தை ஒன்றாக்குவது உங்கள் சோதனைகள்.

மொமென்ட்டுக்கும் இப்படி ஒரு சோதனை எழுதித்தான் ஆக வேண்டும். டே.ஜேஎஸ்ஸின் ஃபங்ஷன் பெயர்கள் மொமென்ட் மாதிரியே இருக்கும், அதனால் மாடல் அதை முதலிடத்தில் வைக்கும், நியாயம்தான். ஆனால் மொமென்ட்டில் ஒரு தேதியின் மேல் ஆட் கூப்பிட்டு 30 நாள் கூட்டினால் அந்தத் தேதியே மாறிவிடும். டே.ஜேஎஸ்ஸில் பழையது அப்படியே இருக்கும், புதிய தேதி ஒன்று திரும்பி வரும், அதை வாங்கி வைத்துக்கொள்ளாவிட்டால் காற்றில் போய்விடும். எர்ரர் எதுவும் வராது. அரிசி ஆலையில் நெல் கொடுத்தவருக்குப் பணம் கொடுக்க வேண்டிய கெடு தேதியைக் கோட் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், மாற்றிய மறுநாள் எல்லாருக்கும் இன்றைக்கே கெடு என்று காட்டும். ஃபங்ஷன் பெயர் ஒத்துப்போவதை எளிதாக மாற்றலாம் என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிற எந்த மாடலும் இந்த இடத்தில் உங்களைத் தைரியமாகக் குழியில் தள்ளும். கோடைச் சோதிக்கும் லின்ட் விதி ஒன்று எழுதி, திரும்பி வரும் மதிப்பை வாங்காத ஆட் கூப்பாடுகளை எல்லாம் முதலில் பட்டியல் எடுங்கள்.

மதிப்பீடு பற்றியும் யாரும் சொல்லவில்லை. ஜோடிகளைக் குலுக்கிப் போட்டு 80க்கு 20 என்று பிரிக்காதீர்கள், நாளைக்கு நடந்ததை வைத்து நேற்றையதை ஊகிக்கிற மாதிரி ஆகிவிடும், எண்கள் பிரமாதமாக வரும். ஒரு தேதி வரைக்கும் நடந்த மாற்றங்களில் கற்றுக்கொடுத்து, அதற்குப் பின் நடந்தவற்றில் சோதியுங்கள். சரியான விடை எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பாருங்கள், முதலிடம் என்றால் 1, இரண்டாம் இடம் 0.5, ஐந்தாம் இடம் 0.2, இதன் சராசரி போதும். அப்புறம் இந்தச் சோதனையில் எந்தப் புத்திசாலித்தனமும் இல்லாத ஒன்றைப் போட்டியில் நிறுத்துங்கள்: அதே வகையில் அதிகம் டவுன்லோட் ஆகும் ஐந்தைச் சொல்லும் நாலு வரி ஸ்கிரிப்ட். உங்கள் மாடல் அதை ஜெயிக்கவில்லை என்றால் அந்த நாலு வரியையே வைத்துக்கொள்ளலாம். பல ஆராய்ச்சி மாடல்களே பிரபலமானதைத்தான் திருப்பிச் சொல்கின்றன, அதை மறைப்பதற்குத்தான் சில பேப்பரில் இவ்வளவு கணக்கு.

உங்கள் முப்பது நாற்பது ப்ராஜெக்ட்டைக் கற்றுக்கொடுக்கும் டேட்டாவில் சேர்க்க வேண்டாம், அது பத்தாது. ஒவ்வொரு லைப்ரரியிலும் எந்தெந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறீர்கள் என்று எண்ணிப் பார்க்க அவை போதும். பைத்தானில் கோடைப் பிரித்துப் படிக்கும் ஏஎஸ்டி மாட்யூலை வைத்து ஒரு மத்தியானத்தில் எழுதிவிடலாம். மொமென்ட்டில் வெறும் தேதியை எழுத்தாக்குவதை மட்டும் பயன்படுத்துகிற ப்ராஜெக்ட்டுக்கு எந்த லைப்ரரியும் வேண்டாம், பிரவுசரிலும் நோட்டிலும் இருக்கும் இன்டெல் போதும், அது மாதப் பெயரைத் தமிழிலும் தரும்.


வண்ணார்பேட்டை_கோடர்:

(அந்த இன்டெல், சிப் கம்பெனி இல்லை என்று எங்கள் பையன்களுக்கு விளக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. Intl என்பதைத் தமிழில் எழுதினால் இப்படித்தான்.)

சரி, இப்போதைக்கு நியூரல் நெட்வொர்க்கை ஓரம் கட்டியாயிற்று. கைவிடும் செய்திகள், ரீலொக்கேஷன், ரீட்மீ இவற்றிலிருந்து ஜோடிகள் எடுத்து, கமிட் வரலாற்றில் ஃபைலையும் இம்போர்ட்டையும் சேர்த்து எண்ணி, மேலே வயதும் உரிமமும் வடிகட்டி, கடைசியில் வெண்டைக்காய் பில். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன், 30,000 டவுன்லோட் கதையைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. வீஸிபிரிண்ட்டை எங்கள் கணினிகளில் ஓட்டிப் பார்த்தேன், பில் அழகாக வருகிறது. ஆனால் மண்டிகளில் இருப்பதெல்லாம் விண்டோஸ், அதில் பாங்கோவைத் தனியாக ஏற்ற வேண்டியிருக்கிறது. கடை கடையாகப் போய் அதை ஏற்றுவது நடக்கிற காரியமா? சில கடைகளில் இன்னும் விண்டோஸ் 7.


களக்காடு_வாழை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்குச் சொல்லலாம். கடை கடையாக எதையும் ஏற்ற வேண்டாம் அண்ணாச்சி. டபிள்யூகேயைக் கமாண்டாகத்தானே கூப்பிடுகிறீர்கள்? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் எட்ஜ் பிரவுசர் இருக்கிறது, அதை ஹெட்லெஸ் ஆக (ஜன்னல் திறக்காமல்) கூப்பிட்டு ஹெச்டிஎம்எல் ஃபைலைக் கொடுத்தால் பிடிஎஃப் எழுதிக் கொடுக்கும். குரோமியம்தான் உள்ளே, தமிழ் சுத்தமாக வரும். எந்த மாடலும் இதைச் சொல்லாது, ஏனென்றால் இது எந்த பேக்கேஜ் பட்டியலிலும் இல்லை.

இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். சும்மா விட்டால் பக்கத்தின் மேலேயும் கீழேயும் தேதியையும் ஃபைல் இருக்கும் இடத்தையும் அச்சடிக்கும், அதை நிறுத்த ஒரு ஆப்ஷன் உண்டு, பழைய பதிப்பில் அதன் பெயர் வேறு, இரண்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் டபிள்யூகேயில் ஹெட்டருக்குத் தனி ஹெச்டிஎம்எல் கொடுத்து வைத்திருந்தீர்கள் என்றால் அது இங்கே வேலை செய்யாது, கடைப் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் பக்கத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். அளவும் ஒரு சுற்று மாறும், டபிள்யூகே மிகப் பழைய வெப்கிட் என்பதால் அதற்காக எழுதிய சிஎஸ்எஸ்ஸில் எழுத்து கொஞ்சம் பெரிதாகவோ சின்னதாகவோ தெரியும்.

விண்டோஸ் 7க்கு எட்ஜ் 109 தான் கடைசிப் பதிப்பு, 2023 ஜனவரியோடு நின்றுவிட்டது. பிடிஎஃப் எடுக்க அது போதும், ஆனால் அந்தக் கணினியை நெட்டில் விடாதீர்கள். டெம்ப்ளேட்டை இங்கே போடுங்கள், ஹெட்டர் பகுதியை நான் மாற்றித் தருகிறேன்.